வீட்டு ஒப்பனையும் மனச்சான்றும்

இருபது ஆண்டுகள் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய் ஒருவர், கடைசி மகன் கல்லூரி விடுதிக்குச் சென்றபின் பகுதிநேரப் பணியொன்றில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்" என்று அண்டை அயலார் பேசிக்கொள்வர். கேட்டால் அவரும் அப்படியே சொல்வார். இச்சிறு வாக்கியத்துக்குள் பெரியதொரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. விடியுமுன் எழுந்து, நள்ளிரவில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, வருவாய்க்குள் செலவை அடக்கி அவர் கழித்த அந்த இருபது ஆண்டுகள் எந்தக் கணக்கில் சேரும்? அது வேலை அன்றெனில், எதனைத்தான் நாம் வேலை என்கிறோம்?

இவ்வினாவை வெறும் கருத்தளவில் வைத்து ஆராய்வதைக் காட்டிலும், குறிப்பிட்ட ஒரு தொழிலை முன்வைத்து ஆராய்வது நலம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட நிலையில் பெண்கள் பலர் நாடிச் செல்லும் தொழில்களுள் ஒன்றை 'ஹோம் ஸ்டேஜிங்' என்பர். விற்பனைக்கு வரும் வீட்டை, வாங்க வருவோர் பார்ப்பதற்கு முன் ஒழுங்குபடுத்தி அழகூட்டி வைப்பதே அத்தொழில். நாம் அதனை 'வீட்டு ஒப்பனை' எனலாம். 1972-ஆம் ஆண்டில், வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகர்ப்பகுதியில் வீட்டு விற்பனை முகவராயிருந்த பார்ப் ஷ்வார்ஸ் என்னும் பெண்மணியே இதனைத் தொடங்கியவராகப் பொதுவாகக் கருதப்படுகிறார்.

ஒப்பனையாளர் செய்வது என்ன? அளவுக்கு மிஞ்சிய நாற்காலிகளையும் அலமாரிகளையும் கிடங்குக்கு அனுப்புகிறார். அடர்ந்த நிறமுடைய சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசச் சொல்கிறார். திரைச்சீலைகளை விலக்கி வெளிச்சத்தை உள்ளே வரவிடுகிறார். குளியலறையில் புதிய துண்டுகளை மடித்து வைக்கிறார். ஆளில்லாத வெற்று வீடாயின் கட்டில், மேசை, விளக்கு ஆகியவற்றை வாடகைக்கு வரவழைத்து, அங்கே ஒரு குடும்பம் இன்பமாய் வாழ்கிறது என்ற தோற்றத்தை உண்டாக்குகிறார். அந்நாட்டு வீட்டு விற்பனை முகவர்களின் தேசியச் சங்கம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், வாங்குவோர் தரப்பு முகவர்களுள் 81 விழுக்காட்டினர், ஒப்பனை செய்த வீட்டைத் தம் வருங்கால இல்லமாகக் கற்பனை செய்துகொள்வது வாங்குவோர்க்கு எளிதாகிறது எனக் கூறியுள்ளனர். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் வேண்டிய அரசு உரிமம் இதற்கு வேண்டுவதில்லை. தனியார் நடத்தும் குறுகிய பயிற்சிகளே உண்டு. வாரத்தில் சில நாள், நாளில் சில மணி என்று செய்யத்தக்கது. எனவே, நீண்டகாலம் வீட்டிலிருந்த ஒருவருக்கு இது ஏற்றதொரு வாயிலாகிறது.

இத்தொழில் நம் முன் மூன்று வினாக்களை வைக்கிறது. முதலாவது உழைப்பின் மதிப்பைப் பற்றியது. இரண்டாவது உண்மையைப் பற்றியது. மூன்றாவது, வாழ்ந்த வாழ்வின் சுவடுகளைப் பற்றியது.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். நேற்று வரை தம் வீட்டுக் கூடத்தைப் பெருக்கி, மெத்தை விரித்து, பூச்சாடியை எங்கே வைத்தால் அழகு என்று பார்த்தவர், இன்று அதே செயலைப் பிறர் வீட்டில் செய்கிறார். கை அதே கை. கண் அதே கண். ஆயினும் நேற்றைய செயலுக்கு நாட்டின் கணக்கேட்டில் இடமில்லை. இன்றைய செயலுக்கு மணிக்கணக்கில் ஊதியம் உண்டு. 1920-இல் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகு இம்முரணைச் சுட்டிக்காட்டினார். ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணையே மணந்துகொண்டால், வேலை சற்றும் குறையாதபோதும் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்றார் அவர். 1934-இல் மார்கரெட் ரீட் என்னும் பெண் பொருளியலறிஞர் இதற்கோர் அளவுகோலைத் தந்தார். ஊதியம் கொடுத்து மற்றொருவரிடம் ஒப்படைக்கக்கூடிய செயல் எதுவோ, அது வீட்டுக்குள் ஊதியமின்றிச் செய்யப்படினும் உற்பத்தியே என்பது அவரது கொள்கை. ஆயினும், உள்நாட்டு மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் பன்னாட்டு முறை, தாய்மார் தம் குடும்பத்துக்கு ஊதியமின்றிச் செய்யும் சமையலையும் பேணுதலையும் இன்றுவரை புறத்தே நிறுத்தியிருக்கிறது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. 'எகனாமிக்ஸ்' என்ற சொல்லின் வேர், வீடு எனப் பொருள்படும் 'ஒய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லாகும். கி.மு. நான்காம் நூற்றாண்டில் செனபோன் எழுதிய இல்லப் பராமரிப்பு நூலில், இஸ்கோமாக்கஸ் என்னும் கணவன் தன் இளம் மனைவிக்குப் பொருள்களை ஒழுங்குற அடுக்கும் முறையைக் கற்பிக்கிறான். கப்பலொன்றில் எத்தனையோ பொருள்கள் சிறிய இடத்துக்குள் செம்மையாக அடுக்கப்பட்டிருந்ததை எடுத்துக்காட்டி, காலணிகளும் சமையற்கலங்களும்கூட வரிசைப்படி வைத்தால் அழகு பெறும் என்கிறான். வீட்டை ஒழுங்குசெய்தல் ஓர் அறிவுத்துறை என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர். ஆனால் அந்நூலில் அதைக் கற்பிப்பவன் ஆண். கேட்டு நிற்பவள் பெண். அறிவு பெண்ணின் கையில் இருந்தபோதும், அதை அறிவு என்று பெயரிடும் உரிமை நெடுங்காலம் ஆணின் நாவில்தான் இருந்தது போலும்!

ஊதியத்தை இகழ்ந்து பேசுவது என் நோக்கமன்று. தாம் ஈட்டிய முதல் தொகையைக் கையில் வாங்கும் தாயின் முகத்தில் தோன்றும் நிறைவு மதிக்கத்தக்கது. அதனைத் தற்பெருமை என்று ஒதுக்குவோர், பிறர் கையை எதிர்பார்த்து வாழ்ந்த துன்பத்தை அறியாதோர். அமெரிக்காவில் குடியேறிய நம் தமிழ்ப் பெண்களிடமே இதற்குச் சான்று உண்டு. எச்-1பி விசாவில் சென்ற கணவருடன் எச்-4 விசாவில் சென்ற பெண்கள், பட்டம் பெற்றவராயினும், அங்கே ஊதியத்துக்கு வேலை செய்ய இயலாதிருந்தது. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அவர்களுள் ஒரு பிரிவினருக்கு அவ்வனுமதி கிடைத்தது. விரும்பி வீட்டிலிருப்பது ஒன்று. கதவடைக்கப்பட்டு வீட்டிலிருப்பது வேறொன்று.

அதேபோல், திரும்பி வருவோர்க்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. பெண்களின் உழைப்பு வரலாற்றை ஆராய்ந்து 2023-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், நெடுநேரம் இடைவிடாது உழைக்க முன்வருவோர்க்கே சில துறைகள் மிகுதியான ஊதியம் தருகின்றன என்றும், பிள்ளைகளுக்காக நேரத்தைப் பகிர்ந்துகொண்ட பெண்கள் இதனால் பின்தங்குகின்றனர் என்றும் விளக்கியுள்ளார். ஆகவே, பகுதிநேரப் பணி என்பது பலருக்கு விருப்பத்தால் வந்தது மட்டுமன்று. எஞ்சியிருக்கும் வாயிலும் அதுவே.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல், உழைப்பின் மதிப்புக்கு முதல் அடிப்படை, அதனைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதே எனக் கற்பிக்கிறது. என்ன செய்யப்பட்டது, எவ்வளவு விலை போயிற்று என்பன அதன்பின் வருபவை. தாய்மையின் உழைப்பைச் சமுதாயம் மறுமதிப்பீடு செய்தல் வேண்டும் என்றும், வெளிப்பணிக்கு வரும் பெண் வேறுபாடின்றி நடத்தப்படல் வேண்டும் என்றும் அம்மடல் ஒருங்கே கூறுகிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வோர் இரு தவறுகளுள் ஒன்றில் விழுகின்றனர். 'இப்போதுதான் நான் மதிப்புப் பெற்றேன்' என்பது ஒரு தவறு. 'இல்லத்துப் பணி புனிதமானது. ஆகவே நீ அங்கேயே இரு' என்பது மற்றொன்று. முன்னது கடந்த ஆண்டுகளைச் சிறுமைப்படுத்துகிறது. பின்னது வரும் ஆண்டுகளைச் சிறைப்படுத்துகிறது.

இனி இரண்டாம் வினா. விற்கும் வீட்டுக்கு ஒப்பனை செய்தல் ஏமாற்றாகாதா?

உரோமைப் பேரறிஞர் சிசெரோ, கி.மு. 44-இல் தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு கதை சொல்கிறார். கானியுஸ் என்பவர் சிராக்கூசா நகருக்கு ஓய்வெடுக்கச் சென்று, நண்பரோடு கூடி மகிழ ஒரு தோட்டம் வாங்க விரும்பினார். இதைக் கேள்வியுற்ற பித்தியுஸ் என்னும் வட்டிக்கடைக்காரன், தன் தோட்டத்துக்கு அவரை விருந்துக்கு அழைத்தான். அதற்கு முன் மீனவர்களைக் கூப்பிட்டு, மறுநாள் தன் தோட்டத்துக்கு எதிரே மீன்பிடிக்குமாறு கேட்டுக்கொண்டான். விருந்தினர் வந்தபோது கரையெங்கும் படகுகள்! பிடித்த மீனையெல்லாம் கொண்டுவந்து பித்தியுஸின் காலடியில் கொட்டினர். மயங்கிய கானியுஸ் கேட்ட விலையைக் கொடுத்து, தட்டுமுட்டுப் பொருள்களோடு தோட்டத்தை வாங்கினார். மறுநாள் வந்து பார்த்தால் ஒரு படகும் இல்லை. இன்று மீனவருக்கு விடுமுறையோ என்று பக்கத்து வீட்டாரைக் கேட்டார். இங்கே எவரும் மீன்பிடிப்பதே இல்லை, நேற்று என்ன நடந்தது என்று நானே வியந்தேன் என்றார் அவர்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கதையைப் படிக்கும்போது, வீட்டு ஒப்பனையின் மூதாதை பித்தியுஸ்தானோ என்று ஐயுறத் தோன்றுகிறது. எனினும் ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஒப்பனை செய்த வீட்டைப் பார்க்க வருபவர், அங்குள்ள சாய்விருக்கையும் பூச்சாடியும் வீட்டோடு வரமாட்டா என்பதை அறிவார். அது அடுக்கி வைக்கப்பட்ட காட்சி என்பதும் அவருக்குத் தெரியும். கானியுஸுக்கோ அப்படகுகள் ஏற்பாடு செய்யப்பட்டவை என்பது தெரியாது. அவர் அறியாமல் இருப்பதில்தான் பித்தியுஸின் ஆதாயம் முழுவதும் அடங்கியிருந்தது. ஒருவர் அறிந்துகொள்ள வேண்டியதை, நம் ஆதாயத்துக்காக அவர் அறியாதபடி செய்வதே மறைத்தல் என்பது சிசெரோவின் முடிபு.

அதே நூலில், உள்ளே கேடுடைய வீட்டை விற்பவன் அதனைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்பது பற்றி இரு மெய்யியலார் வழக்காடுகின்றனர். சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும் என்கிறார் தியோகெனஸ். வாங்குபவர் அறியாதது ஒன்றும் இருத்தலாகாது என்கிறார் அந்திப்பாத்தர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் இவ்வழக்கை மீண்டும் எடுத்து, நடைமுறைக்கேற்ற தீர்வு தருகிறார். இழப்பையோ ஆபத்தையோ விளைவிக்கும் மறைந்த குறையை விற்பவர் சொல்லியே ஆகவேண்டும். இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென்று விற்பதை அவர் எடுத்துக்காட்டாகவே கூறுகிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லாமைபோல் கண்முன்னே தெரியும் குறையாயின், அதற்கேற்ப விலையைக் குறைத்தால் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை. என் வீட்டில் இன்ன குறை உண்டு என்று தெருவெங்கும் பறைசாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை என்கிறார் அக்குவினாஸ். அவ்வாறு செய்தால், வீட்டின் பிற நலன்களைக் கேளாமலே எல்லாரும் விலகிவிடுவர். ஆனால் வாங்க வந்து நிற்கும் அந்த ஒருவருக்குச் சொல்லியாக வேண்டும்.

இத்தீர்வு வீட்டு ஒப்பனைக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. வீட்டின் நல்ல முகத்தைக் காட்டி மக்களை வாயிலுக்கு அழைப்பது தவறன்று. வந்தவருக்குக் கேட்டினை மறைப்பதே தவறு. இன்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டமும் இவ்வழியே செல்கிறது. கலிபோர்னியாவில் 1987 முதல், வீடு விற்பவர் தாம் அறிந்த குறைகளை எழுத்துமூலம் தெரிவிக்கும் படிவத்தை நிறைவு செய்து தருதல் வேண்டும்.

எனினும் சட்டத்தின் கண்ணில் படாத சிறு இடைவெளிகள் உண்டு. அவற்றில்தான் புதிதாய்ப் பணியில் சேர்ந்தவரின் மனச்சான்று சோதிக்கப்படுகிறது. தரையில் நீண்ட விரிசல். "இங்கே ஒரு கம்பளம் விரித்துவிடுங்கள்" என்கிறார் முகவர். சுவரில் நீர்க்கசிவின் கறை. "நாளைக்குள் வண்ணம் பூசிவிடுங்கள்" என்கிறார் வீட்டுக்காரர். சிற்றறை பெரிதாய்த் தோன்றும்பொருட்டு வழக்கமான அளவினும் சிறிய கட்டில் போடப்படுகிறது. அறைகலன் ஒன்றுமில்லாத அறையின் நிழற்படத்தில் கணினியின் துணையால் அறைகலன்களைச் சேர்க்கும் முறையும் இப்போது வந்துவிட்டது. சேர்த்ததைச் சொல்லிவிட்டால் அது விளக்கப்படம். சொல்லாமல் விட்டாலோ, சுவர்க்கறையையும் படத்தில் துடைத்துவிட்டாலோ அது பொய்ச்சாட்சி.

ஒப்பனையாளர் விற்பவர் அல்லரே, அவருக்கென்ன பொறுப்பு என்று சிலர் வினவலாம். அறநெறி இறையியல் இதனைத் தீமைக்கு உடந்தையாதல் என்ற தலைப்பில் ஆராயும். கம்பளத்தை விரித்தவை எவர் கைகளோ, அவருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அவர் இருக்கும் நிலையையும் நாம் மறத்தலாகாது. பகுதிநேரப் பணியாளர், புதியவர், இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் ஒருவர் நம்பிக் கொடுத்த முதல் வேலை. மறுத்தால் அடுத்த வீட்டுக்கு வேறொருவரை அழைப்பர். அவ்வாறிருக்க, 'மறுத்துவிடு' என்று எழுதுவது எளிது. அவ்விடத்தில் நின்று மறுப்பது கடினம்.

ஆயினும் அவரிடம், பயிற்சி வகுப்பு எதுவும் தராத ஒரு தெளிவு ஏற்கெனவே இருக்கிறது. விருந்தினர் வருமுன் வீட்டைப் பெருக்குவதற்கும், குப்பையைப் பாயின்கீழ்த் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் பிள்ளைகளுக்குப் பலமுறை கற்பித்தவர். குவளையை உடைத்துத் துண்டுகளை அலமாரிக்கடியில் ஒளித்த சிறுவனிடம், "உடைத்ததற்காக நான் கோபிக்கவில்லை, ஒளித்தாயே, யாராவது காலில் மிதித்திருந்தால்?" என்று கேட்டவர். அக்குவினாஸ் பள்ளிக்கூட மொழியில் வகுத்த இழப்பும் ஆபத்தும் என்ற அளவுகோலை அவர் அடுக்களை மொழியில் அறிந்திருக்கிறார். அதனையே இங்கும் பயன்படுத்தலாம். விரிசலை மூடச் சொல்லும்போது, "இது விற்பவரின் படிவத்தில் குறிக்கப்பட்டுள்ளதா?" என்று அமைதியாகக் கேட்கலாம். குறிக்கப்பட்டிருப்பின் கம்பளம் வெறும் அலங்காரமே. இல்லையெனில், தாம் கண்டதை முகவருக்கு எழுதித் தெரிவித்து, அந்த ஒரு செயலைத் தாம் செய்ய இயலாது எனலாம். சில வேளை அதனால் பணி போகவும் கூடும். போனால் அந்த இழப்பு உண்மையானது. அதனைச் சிறிதென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வீட்டில் குடியேறப்போவதும் ஒரு குடும்பமே. கசியும் சுவரின் ஓரம் தொட்டில் கட்டப்போவதும் ஒரு தாயே. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணி வணிகம் செய்யச் சொன்ன வள்ளுவர், இதைவிட அதிகமாக நம்மிடம் எதிர்பார்க்கவில்லை. இதைவிடக் குறைவாகவும் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் வினா, கேட்பதற்குச் சிறிது. நினைத்தால் நெஞ்சைத் தொடுவது. ஒப்பனையாளர் முதலில் அகற்றச் சொல்வது குடும்பப் படங்களை. திருமணப் படம், முதல் திருவிருந்துப் படம், சுவரிலிருக்கும் பாடுபட்ட சுரூபம், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய குழந்தையின் கிறுக்கல், எல்லாம் பெட்டிக்குள் போகின்றன. ஆண்டுதோறும் பிள்ளையை நிறுத்திக் கதவுநிலையில் பென்சிலால் உயரம் குறித்திருப்பர். அதன்மேலும் வண்ணம் பூசப்படுகிறது. வருபவர் இதனைப் பிறர் வீடாகக் காணலாகாது, தம் வீடாகக் காணவேண்டும் என்பதே காரணம். இருபது ஆண்டுகள் இத்தகைய சுவடுகளைத் தம் வீட்டில் பதித்த ஒருவர், இப்போது ஊதியம் பெற்று அவற்றைத் துடைக்கிறார். தம் வாழ்வையே தாம் மறுப்பதாகாதா இது?

நம் மொழி இதற்கொரு விடை வைத்திருக்கிறது. 'மனை' என்ற சொல்லிலிருந்து மனைவி என்றும், 'இல்' என்ற சொல்லிலிருந்து இல்லாள் என்றும் பெண்ணுக்குப் பெயர் தந்தனர் நம் முன்னோர். வீட்டோடு அவரைப் பிணைத்த பெயர்கள் இவை. ஆனால் 'வீடு' என்ற சொல்லோ 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்று உறுதிப்பொருள்களை அடுக்கும்போது, விடுதலைக்கும் அதுவே பெயராயிற்று. குடியிருக்கும் இடத்துக்கும் பற்றற்று விலகும் நிலைக்கும் ஒரே சொல்லை வழங்கும் மொழி நம்முடையது.

பிள்ளை வளர்ப்பே விடுதலில் முடியும் தொழிலன்றோ? நடக்கக் கற்பிப்பது, நம் விரலை விட்டுவிட்டு நடப்பதற்காகவே. பிறருக்கு இடம் அமைத்து, அது அமைந்தபின் தாம் ஒதுங்கி நிற்கும் கலையை ஒரு தாய் இருபது ஆண்டுகள் பயின்றிருக்கிறார். வீட்டை விற்கும் குடும்பத்தின் படங்களைச் சுவரிலிருந்து கழற்றும்போது, அவற்றைக் குப்பையென எறியாமல் துணியில் சுற்றி, பெட்டியின்மேல் பெயரெழுதி, உரியவர் கையில் ஒப்படைப்பவர் வாழ்வை அழிப்பவர் ஆகார். அதனை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவைப்பவர் ஆவார். கதவுநிலையில் வண்ணம் பூசுமுன், "இந்தக் கோடுகளை ஒரு படம் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்கும் அறிவு எந்தச் சான்றிதழிலும் இல்லை. தம் வீட்டுக் கதவிலும் அத்தகைய கோடுகள் உள்ளவர்க்கே அது தோன்றும்.

ஆகவே, நடுவயதில் இத்தகைய பணியில் சேரும் தாய்மார்க்கு நாம் சொல்லத்தக்கவை சிலவே. நீங்கள் இப்போது தொடங்கவில்லை, தொடர்கிறீர்கள். உங்கள் மணிநேரத்துக்கு நியாயமான ஊதியத்தைக் கூசாமல் கேளுங்கள். இதுவரை ஊதியமின்றிச் செய்தோமே என்று குறைத்துக் கேட்க வேண்டியதில்லை. வீட்டை அழகுபடுத்துங்கள், வெளிச்சத்தை வரவிடுங்கள். ஆனால் அவ்வெளிச்சத்தில் தெரியவேண்டியது தெரியட்டும். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. தாய் பணிக்குச் செல்லும் நாள்களில் உங்கள் சொந்த வீட்டின் தட்டுகளைக் கழுவ வேண்டியது எவர் என்பதை, அவர் திரும்பி வருமுன் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தட்டுகள் அவருக்காகக் காத்திருக்குமாயின், உழைப்பின் மாண்பைப் பற்றி நாம் எழுதியதெல்லாம் வீண்.